குத்துமதிப்புக்குத் தீனி போடுகிறவர்கள்

அன்று காலை மூன்று காரியங்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நடந்தன. கம்பத்தில் என் மாமாவின் திராட்சைத் தோட்டத்துக் கொட்டகையில் கம்ப்யூட்டர் உறைந்து நின்றது. மாமாவை அவர் வளர்த்த நாயே கடித்தது. என் கைப்பேசிக்கு ஒரு மின்னஞ்சல் வந்து விழுந்தது.

மூன்றுக்கும் வேர் ஒன்றுதான் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால், ஊசி போட மாமாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போன வழியெல்லாம் அந்த வாய் வாயாடியிருக்க மாட்டேன்.

பன்னீர் திராட்சை வெட்டுக் காலம். பந்தலுக்குக் கீழே பெண்கள் கொத்துகளை நறுக்கி ட்ரேயில் அடுக்குவார்கள். ட்ரே கொட்டகைக்கு வரும். எடை மெஷினில் ஏறும். எடை கம்ப்யூட்டரில் விழும். ஒரு சீட்டு அச்சாகி வரும். சீட்டு ஒட்டிய ட்ரே கேட்டைத் தாண்டி லாரிக்குப் போகும். லாரி மெட்டு மலைப்பாதை ஏறிக் கேரளாவுக்குப் போகும். இவ்வளவுதான் ஏற்பாடு. எந்த இடத்தில் நின்றாலும் பின்னால் எல்லாம் நிற்கும்.

அன்று கம்ப்யூட்டரில் நின்றது. வழக்கமாக அதன் முன்னால் உட்காருகிற செல்வம், அக்கா பிள்ளைக்குக் காதுகுத்து என்று லீவு. அவன் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். சுட்டி அசைந்தது, திரை அசையவில்லை. கொட்டகை முழுக்கப் பழுத்த திராட்சையின் வாசனையும் லாரிப் புகையும்.

"என்ன தாரணி, ஒன் வித்தை படுத்துருச்சா?" என்றார் மாமா.

"ஒரு நிமிசம் மாமா."

"நீ ஒரு நிமிசம் ஒரு நிமிசம்னு சொல்லுற. அங்கன லாரிக்காரர் ரெண்டாவது டீயும் குடிச்சுட்டாக."

"மூணாவதுக்குச் சொல்லிவிடுங்க."

மாமாவுக்குப் பொறுமை என்பது வெள்ளிக்கிழமைகளில் மட்டும் உள்ள சாமான். அன்று வெள்ளிக்கிழமை இல்லை. ஆணியில் தொங்கிய மஞ்சள் தொப்பியை எடுத்து மாட்டினார். எடை போடாத ட்ரே ஒன்றைத் தானே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தார்.

கேட்டில் காவலுக்குப் படுத்திருந்த நாய் கோம்பை ஜாதி. அது குரைத்து நேரத்தை வீணாக்காது. சத்தமே இல்லாமல் வந்து அவர் கெண்டைக்காலைப் பிடித்தது. ட்ரே விழுந்தது. திராட்சை உருண்டது. நாய் மேலே பார்த்தது. யாரைப் பிடித்திருக்கிறோம் என்று அதற்குத் தெரிந்தது. ஆனாலும் விடவில்லை. கடமை என்றால் கடமை.

"ஆத்தாடி, மொதலாளியவே புடிச்சிருச்சே" என்றாள் காளியம்மா. திராட்சை வெட்டுகிற பெண்களுக்கு அவள்தான் தலைவி. அவள் முகத்தில் துக்கம் என்று சொல்லும்படி ஒன்றும் தெரியவில்லை.

கைப்பேசி அந்த நேரம் பார்த்துத்தான் ஒலித்தது. மின்னஞ்சலின் சாரம்: நீங்கள் அனுப்பிய திருத்தத்தை எடுத்துக்கொள்ளத் தயக்கமாக இருக்கிறது. இதை யார் பராமரிப்பார்கள்?

ஜீப்பில் யாருக்கு இடம்

என்ன திருத்தம் என்று சொல்லியாக வேண்டும். பயப்படாதீர்கள், போன வாரம் இந்தப் பத்தியில் என் கல்லூரி விடுதிச் சாம்பாரைப் பற்றி எழுதியதைவிட இது எளிதாகச் செரிக்கும்.

கம்பத்திலிருந்து கேரள எஸ்டேட்டுகளுக்கு ஏலக்காய் எடுக்கப் போகும் ஜீப்புகளைப் பார்த்திருப்பீர்கள். இருக்கிற இடம் கொஞ்சம், ஏறுகிற ஆட்கள் நிறைய. கம்ப்யூட்டரின் நினைவகமும் அப்படித்தான். அதில் ஓடுகிற ஒவ்வொரு நிரலுக்கும் உட்கார இடம் வேண்டும். இடம் போதாதபோது யாரையாவது இறக்கி ஓரமாக நிற்கவைத்துவிட்டு, அவர்களுடைய இடத்தை வேறு ஆளுக்குக் கொடுப்பார் ஓட்டுநர். இறக்கப்பட்டவர் போய் நிற்கிற இடம் வட்டு, அதாவது ஹார்ட் டிஸ்க். அங்கேயிருந்து திரும்பி ஏறிவர நேரமாகும். அந்த நேரத்தில்தான் திரை உறையும்.

அந்த ஓட்டுநருக்குக் கெர்னல் என்று பெயர். இயங்குதளத்தின் உள்ளே, யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருக்கிற ஆள்.

யாரை இறக்குவது? யாருக்கு இனி இடம் தேவைப்படாதோ அவரை. அது யார் என்று எப்படித் தெரியும்? தெரியாது. ஊகிக்க வேண்டும். "இந்த ஆள் வெகுநேரமாகத் தூங்குகிறார், இவரை இறக்கினால் கண்டுகொள்ளமாட்டார்." "இந்தம்மா இப்போதுதான் ஏறினார், கொஞ்சம் இருக்கட்டும்." இப்படி. ஆங்கிலத்தில் இதற்குப் பெரிய பெயர் இருக்கிறது. நம் ஊர்ப் பெயர் குத்துமதிப்பு.

குத்துமதிப்பில் தப்பே இல்லை. உலகம் அதில்தான் ஓடுகிறது. சிக்கல் எங்கே என்றால், ஒரு குத்துமதிப்பு தவறும்போது அதை எடுத்துப் போடமாட்டோம். அதன் மேல் இன்னொன்று போடுவோம். தூங்குகிறவரை இறக்கு, ஆனால் காய்ச்சல்காரரை இறக்காதே, ஆனால் காய்ச்சல் என்று நடிக்கிறவரை இறக்கு, ஆனால் அவர் ஓட்டுநரின் மச்சானாக இருந்தால் விடு. சில வருடம் போனால், எந்த விதி எதற்காக வந்தது என்று ஓட்டுநருக்கே தெரியாது. எடுக்கவும் பயம். எடுத்தால் எந்த மச்சான் வந்து சட்டையைப் பிடிப்பானோ.

நான் போட்ட விதி

மாமாவின் கொட்டகைக் கம்ப்யூட்டர் பழசு. இடம் குறைவு. எடை நிரல் சின்னது, ஆனால் அடிக்கடி தூங்கும். ட்ரே வந்தால்தான் விழிக்கும். தோட்டத்தைச் சுற்றி மாட்டியிருந்த கேமராக்களின் படங்கள் பிரவுசரில் ஓடும். அது குண்டு, தூங்கவே தூங்காது. ஆக, தூங்குகிற எடை நிரலைக் கெர்னல் இறக்கி விட்டுவிடும். ட்ரே வரும்போது அது மூச்சிரைக்க ஓடிவந்து ஏறும். அதற்குள் மாமா கத்தத் தொடங்கிவிடுவார்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. சின்ன நிரல் ஒன்றை இறக்கிவிட்ட கொஞ்ச நேரத்திலேயே அது திரும்பத் திரும்ப ஏறிவருகிறதா? அப்படியானால் அதை இறக்கியது தப்பு. அடுத்த முறை அதற்குச் சலுகை கொடு. அவ்வளவுதான். கெர்னலில் நானே அந்த விதியை எழுதிச் சேர்த்து, மாமாவின் எந்திரத்தில் ஏற்றினேன்.

வேலை செய்தது. முந்தின வெட்டுக் காலம் முழுக்க ஒருமுறைகூட உறையவில்லை. நான் தரையில் நடக்கவில்லை.

அந்தக் கெர்னல் உலகத்துக்கே இலவசமாகக் கிடைப்பது. யார் வேண்டுமானாலும் திருத்தம் எழுதி அதன் அஞ்சல் குழுவுக்கு அனுப்பலாம். ஏற்றுக்கொண்டால், உங்கள் பெயரோடு உள்ளே போகும். பிறகு எங்கெங்கோ இருக்கிற எந்திரங்களில் எல்லாம் ஓடும். சின்னமனூரில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து எழுதியது.

இங்கேதான் என் அம்மா வருகிறார்.

அம்மாவுக்குச் சின்னமனூர் கடைவீதியில், எங்கள் வீட்டின் கீழ்ப்பகுதியிலேயே ஃபேன்சி ஸ்டோர். நான் படிப்பு முடித்து ஊருக்கு வந்து, வெளியூர்க்காரர்களுக்குச் சில்லறை வேலைகள் செய்துகொண்டிருந்தேன். எனக்கு அது பிடித்திருந்தது. அம்மாவுக்கு அது வேலையாகவே தெரியவில்லை. சென்னைக் கம்பெனி ஒன்று வேலைக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டிருந்தது. நாய் கடித்த இந்த வெட்டு முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும்.

"இங்கன ஒக்காந்து என்னத்தக் கிழிக்கிற நீ?" என்றார் அம்மா. "ஒன் கூடப் படிச்ச புள்ளைக எல்லாம் ஏசி பஸ்ல வந்து எறங்குறாக. நீ மாடிப்படியில எறங்கி வந்து சோறு எங்கங்குற."

"இங்க இருந்தே ஒலகத்துக்கு வேலை செய்யலாம்மா."

"செய்யி. நீ எழுதுனத ஒலகம் எடுத்துக்கிருச்சுன்னு காமி. நான் வாயத் தொறக்கல. இல்லையா, பெட்டியக் கட்டு."

ஆக, அந்தத் திருத்தம் உள்ளே போனால் நான் ஊரில் இருப்பேன். போகாவிட்டால் சென்னை. அம்மா இதை மாமாவிடம் சொல்ல, மாமா கம்பம் மார்க்கெட் முழுக்கச் சொன்னார். "எங்க மருமக போட்ட விதியிலதான் இனிமே அமெரிக்காக்காரன் கம்ப்யூட்டரே ஓடப்போகுது." வாழைக்காய் மண்டியில் ஒருவர் என்னை நிறுத்தி, கரண்ட் பில் அதிகமாக வருவதற்கும் ஏதாவது விதி போட முடியுமா என்று கேட்டார்.

தொப்பி

நாயின் பெயர் செக்போஸ்ட். பெயர் வைத்தவர் லாரிக்காரர். காரணம், அது உள்ளே வருகிறவர்களைச் சட்டை செய்யாது. கையில் எதையாவது தூக்கிக்கொண்டு வெளியே போனால்தான் பிடிக்கும். திருட்டுக்கு அதைவிட நல்ல விதி கிடையாது என்று மாமா பெருமைப்படுவார். நிஜமாகவே திருட்டு நின்றுபோயிருந்தது.

ஆனால் வெட்டு நாளில் எல்லோருமே எதையாவது தூக்கிக்கொண்டுதான் வெளியே போகிறார்கள்.

சங்கிலியில் கட்டிப் போடலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். "கட்டிப்போட்டா அதுக்கு மானம் போயிரும்" என்றார் மாமா.

எனவே விதிக்கு மேல் விதி போட்டார். ஏதோ பூச்சிமருந்துக் கம்பெனிக்காரர்கள் இலவசமாகக் கொடுத்த மஞ்சள் தொப்பிகள் ஒரு கட்டு இருந்தன. ஆளுக்கு ஒன்று மாட்டிவிட்டார். நாயைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, தொப்பிக்காரர்களை ட்ரேயோடு குறுக்கும் நெடுக்குமாக நடக்கவிட்டார். உறுமினால் மூக்கில் ஒரு தட்டு. சும்மா இருந்தால் எலும்பு. கொஞ்ச நாளில் செக்போஸ்ட் தொப்பிக்காரர்களை விட ஆரம்பித்தது. பார்க்கிறவர்களை எல்லாம் கொட்டகைக்குக் கூட்டிவந்து மாமா இதைக் காட்டினார்.

அதற்குப் பிறகு அந்தத் தொப்பியைப் பராமரிப்பதே ஒரு தனி வேலையாகிவிட்டது.

தொப்பியைச் சோப்புப் போட்டுத் துவைக்கக் கூடாது. நாய் நிறத்தைப் பார்க்கிறதா வாடையைப் பார்க்கிறதா என்று யாருக்கும் தெரியாது. பின்பக்கமாகத் திருப்பிப் போடக் கூடாது. புதிதாக வேலைக்கு வருகிறவர், பழைய ஆளின் தொப்பியோடு தன் தொப்பியை ஒரு ராத்திரி ஒன்றாக வைத்திருக்க வேண்டும். இதெல்லாம் யார் கண்டுபிடித்தது, எப்போது கண்டுபிடித்தது என்று கேட்டால், மாமா தோட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "அது அப்புடித்தான்" என்பார்.

வெயிலில் தொப்பிகள் வெளுத்தன. புதுசு கேட்டபோது, கம்பெனி இந்த முறை சிவப்புத் தொப்பி கொடுத்தது. நாய்க்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, மஞ்சள் தெரியும் என்று எங்கோ படித்ததை நான் மாமாவிடம் சொல்லித் தொலைத்தேன்.

மறுநாள் போனால், நெல் அவிக்கிற அண்டாவில் தொப்பிகள் கொதிக்கின்றன. மஞ்சள் தூள் கலக்கிய தண்ணீர். வெளுத்த தொப்பிகளை மாமா கரண்டியால் புரட்டிப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா, சாம்பாரா?"

"நக்கலு பண்ணாத. கலரு ஏறுதான்னு பாரு."

ஏறியது. அன்றைக்கு உச்சி வெயிலில் வியர்வையோடு சேர்ந்து இறங்கவும் செய்தது. நெற்றியிலிருந்து கன்னம் வரை மஞ்சள் வழிய ஒரு கூட்டம் பந்தலுக்கடியில் திராட்சை வெட்டியது. ஏதோ நேர்த்திக்கடன் போல என்று ரோட்டில் போனவர்கள் வண்டியை நிறுத்திக் கும்பிட்டார்கள்.

"மொகத்துக்குப் பூசுற செலவு மிச்சம்" என்றாள் காளியம்மா. "கூலியில பிடிச்சுறாதீக மொதலாளி."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அதே வாரம் என் விதியிலும் ஒரு ஒட்டுப் போட்டேன் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. எடை நிரலின் புதுப்பதிப்பு கொஞ்சம் பெருத்துவிட்டது. 'சின்ன நிரல்' என்பதற்கு நான் வைத்திருந்த அளவைத் தாண்டிவிட்டது. எனவே அளவைக் கூட்டினேன். கூட்டினால் பிரவுசரின் துண்டுகளும் சலுகைக்குள் வந்தன. எனவே பிரவுசராக இருந்தால் சலுகை கிடையாது என்று இன்னொரு வரி. மாமாவின் அண்டாவுக்கும் என் மடிக்கணினிக்கும் வித்தியாசம், என்னுடையதில் ஆவி வரவில்லை.

ஊசிக்குப் பிறகு

மாமாவுக்கு ஊசி போட்டுத் திரும்பும்போது மத்தியானம். கெண்டைக்காலில் கட்டு. தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"சாயம் பத்தல" என்றார். "இன்னும் ரெண்டு கொதி விட்டுருக்கணும்."

"மாமா, அது உங்க நாயி. நீங்க தொப்பி இல்லாம போனாலும் விடணும்ல?"

"நான் என்னைக்கு ட்ரே தூக்கிருக்கேன்?"

அது சரிதான். மாமா ட்ரே தூக்கியதே இல்லை. அன்று கம்ப்யூட்டர் உறைந்த கோபத்தில்தான் தூக்கினார். ஆக, நாய்க்கு இது முதல் சோதனை. தொப்பி உண்டு, ட்ரே உண்டு, ஆள் மட்டும் புதுசு. அப்படியும் பிடித்தது. அப்படியானால் அது தொப்பியைப் பார்க்கவே இல்லையோ?

எனக்கு இந்த மாதிரிச் சந்தேகம் வந்தால் சோறு இறங்காது. கொட்டகைக்குப் போய்க் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, கேட்டுக்கு நேரே இருந்த கேமரா தன் கார்டில் தானே சேர்த்துவைத்த பழைய பதிவுகளை எடுத்து ஓடவிட்டேன்.

காலை. கேட். செக்போஸ்ட் படுத்திருக்கிறது. முதல் ஆளாகக் காளியம்மா ட்ரேயோடு வருகிறாள். நாயின் பக்கத்தில் வரும்போது ட்ரேயை ஒரு கையில் தாங்கிக்கொண்டு, மடியிலிருந்து எதையோ எடுத்துக் கீழே போடுகிறாள். நாய் தின்கிறது. அவள் போகிறாள். அடுத்த பெண் வருகிறாள். மடி, கீழே, போகிறாள். அதற்கடுத்தவள். எல்லோரும். முந்தின நாளும் அப்படியே. அதற்கு முந்தின நாளும். நடுவில் ஒரு பெண் தொப்பியை மறந்து தலையில் துண்டோடு போகிறாள். அவளும் மடியிலிருந்து எடுத்துப் போட்டாள். நாய் வாலாட்டியது.

வெளியே போய்க் காளியம்மாவைப் பிடித்தேன்.

"நாயிக்கு என்ன போடுறீக?"

"அதுவா. வடை. இல்லாட்டி பன்னு. மீன் கொழம்பு வச்ச அன்னைக்கு முள்ளு."

"எப்ப இருந்து?"

"ஆரம்பத்துல இருந்தே. மொதலாளி எலும்பு போட்டாக, அது சும்மா இருந்துச்சு. அவுக எலும்ப நிறுத்துனாக, அது என் சேலையப் புடிச்சுச்சு. அப்பறம் நாங்களே போட ஆரம்பிச்சோம்."

"அப்ப தொப்பி?"

"தொப்பி வெயிலுக்கு, தாயி. வடை நாயிக்கு."

"மாமாகிட்டச் சொல்லலாமுல்ல?"

"அவுக ஆசையா அண்டா வச்சுக் காய்ச்சுறாக. அதப் போயிக் கெடுக்கச் சொல்லுறியா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். "மதியத்துக்குக் கொண்டார வடையில தெனமும் ஒன்னு கொறையுது, அது ஒன்னுதேன் எங்களுக்கு வருத்தம். ஒங்க மாமா நாயி காக்குதுங்குறாக. அதுக்குச் சோறு போடுறது நாங்க."

வந்து உட்கார்ந்து அந்த மின்னஞ்சலைத் திரும்பப் படித்தேன். இதை யார் பராமரிப்பார்கள்? எழுதியவர் கெர்னலில் நினைவகப் பகுதியைப் பல வருடங்களாகக் கவனித்துவருகிறவர். காலையில் அந்தக் கேள்வி எனக்குத் திமிராகப் பட்டது. நான்தான் பராமரிப்பேன், வேறு யார் என்று பதில்கூடத் தட்டி வைத்திருந்தேன். இப்போது வேறொரு பயம் வந்தது. என் விதிக்கும் யாராவது வடை போட்டுக்கொண்டிருந்தால்?

செல்வத்தின் வழக்கம்

காதுகுத்து முடிந்து செல்வம் மறுநாள் வந்தான். லட்டு கொடுத்தான். வாங்கிக்கொண்டு கேட்டேன்.

"காலையில வந்ததும் கம்ப்யூட்டர்ல மொதல்ல என்ன செய்வ?"

"சாமி படத்தத் தொடப்பேன்."

"அதுக்கப்பறம்?"

"கேமரா பக்கத்த மூடிருவேன் அக்கா. அது தொறந்துருந்தா எடை இழுக்கும். அன்னைக்கு வெட்டு முடிஞ்ச பெறகு தொறந்து வச்சுருவேன், மொதலாளி வந்து பாப்பாகள்ல."

"எப்ப இருந்து மூடுற?"

"அதான், நீங்க என்னமோ புதுசாப் போட்டீகளே, அதுக்குக் கொஞ்சம் முன்னால இருந்து." அவனுக்கு என் முகத்தைப் பார்த்துச் சந்தேகம் வந்துவிட்டது. "ஏங்க்கா, மூடக் கூடாதா?"

லட்டைக் கீழே வைத்தேன். நான் அவன் லீவில் இருந்த அந்த ஒரு நாள் உட்கார்ந்தேன். கேமரா பக்கத்தை மூடவில்லை. எந்திரம் உறைந்தது. வெட்டுக் காலம் முழுக்க உறையாமல் ஓடியதற்கு என் விதி காரணமே இல்லை. செல்வம் தினமும் ஒரு சுட்டியழுத்தம் போட்டுக்கொண்டிருந்தான். நான் அதை என் கணக்கில் எழுதி உலகத்துக்கு அனுப்பியிருந்தேன்.

மாடியறையில் உட்கார்ந்து அஞ்சல் குழுவுக்கு எழுதினேன். திருத்தத்தைத் திரும்பப் பெறுகிறேன். சோதனை முடிவு தவறு. விதி வேலை செய்யவில்லை, ஒரு மனிதர் வேலை செய்துகொண்டிருந்தார். அனுப்பும் பொத்தானை அழுத்துமுன் சென்னையில் விடுதி வாடகை எவ்வளவு என்றுகூடத் தேடிப் பார்த்துவிட்டேன்.

யார் பராமரிப்பார்கள் என்று கேட்டவரிடமிருந்து பதில் சீக்கிரமே வந்தது. அந்த ஆள் சிரித்திருக்க வேண்டும். இப்படி எழுதியிருந்தார்: நீங்கள் திருத்திய இதே கோப்பில் பாதி விதிகளின் கதை இதுதான், யாரும் திரும்பி வந்து சொல்வதில்லை, அவ்வளவே. உங்களுக்கு நேரமிருந்தால் அவற்றில் ஒன்றையாவது தோண்டிப் பாருங்கள்.

நேரமா? வெட்டு முடிய இன்னும் கொஞ்சம் நாள் இருந்தது.

முதலில் கொட்டகையைச் சரிசெய்தேன். என் விதியைப் பிடுங்கினேன். எடை நிரலுக்கு வேண்டிய கொஞ்ச இடத்தை, பஸ் சீட்டில் துண்டு போடுகிற மாதிரி அதன் பெயரிலேயே பிடித்து வைத்தேன். இதற்குக் கெர்னலில் ஏற்கெனவே வழி இருக்கிறது; கேட்டால் கொடுக்கும். பிரவுசருக்கு இவ்வளவுக்கு மேல் கிடையாது என்று ஒரு வரம்பு. ஊகம் ஒன்றுமில்லை. செல்வத்திடம் கேமரா பக்கத்தைத் திறந்தே வைக்கச் சொன்னேன். பழக்கம் விடாமல் அவன் இன்னும் கொஞ்ச நாள் மூடிக்கொண்டிருந்தான்.

மாமாவிடம் பதிவைக் காட்டினேன். முழுவதும் பார்த்தார்.  எழுந்து நொண்டிக்கொண்டே போய்ச் சங்கிலி எடுத்துவந்து, வெட்டு முடியும்வரை செக்போஸ்ட்டைப் பம்ப்செட் பக்கம் கட்டினார். அதற்கு மானம் போனதாகத் தெரியவில்லை. நிழலில் படுத்துத் தூங்கியது.

விசிலுக்குக் காத்திருந்த விதி

பிறகு கோப்பைத் தோண்டினேன்.

அடியில் ஒரு விதி கிடந்தது. வட்டு திணறும்போது கொஞ்சம் பொறு, அது 'சரி, வா' என்று சமிக்ஞை கொடுத்ததும் போ. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சமிக்ஞையைக் கொடுக்கிற பகுதியை யாரோ எப்போதோ மாற்றி எழுதிவிட்டார்கள். இப்போது அதை யாரும் கொடுப்பதில்லை. கண்டக்டர் வேலையை விட்டுப் போன பிறகும் விசிலுக்காக நிற்கிற பஸ் மாதிரி, ஒவ்வொரு முறையும் முழு நேரமும் நின்று பார்த்துவிட்டு, வரவில்லை என்றதும் கிளம்பிப் போகிறது. அதைச் சுற்றி வேறு மூன்று நான்கு பேர் ஒட்டுப் போட்டிருந்தார்கள். காத்திருப்பு கூடுதலாக இருக்கிறது என்று ஒருவர் குறைத்திருந்தார். குறைத்தது போதாது என்று இன்னொருவர் ஒரு விலக்கு வைத்திருந்தார். எல்லாம் மஞ்சள் தண்ணீர்.

யாருக்காவது இது இன்னும் தேவையா என்று குழுவில் கேட்டேன்.  பிறகு ஒருவர் எழுதினார்: அதை எழுதியது நான்தான். என்னிடமிருந்த ஒரு எந்திரத்துக்காக எழுதினேன். அந்த எந்திரத்தைத் தூக்கிப் போட்டுப் பல காலமாகிறது. இன்னுமா அது அங்கே இருக்கிறது?

இருந்தது. எடுத்தேன். எடுத்துவிட்டு, பயத்தோடு கிடைத்த எந்திரங்களில் எல்லாம் ஓட்டிப் பார்த்தேன். கொட்டகை எந்திரம், என் மடிக்கணினி, அம்மா கடையின் பில் போடும் பெட்டி. இந்த முறை ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார்ந்திருப்பவர்களிடம் தினமும் காலையில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். இன்னும் சில பேர் வேறு ஊர்களில் ஓட்டிப் பார்த்தார்கள். யார் சட்டையையும் யாரும் பிடிக்கவில்லை.

கடைசி லோடு ஏறிய அன்று மின்னஞ்சல் வந்தது. எடுத்துக்கொண்டோம், நன்றி. கீழே என் பெயர்.

கேட்டைத் தாண்டும்போது காளியம்மா பம்ப்செட் பக்கம் ஒதுங்கி, கட்டிக் கிடந்த நாய்க்கு ஒரு வடை போட்டுவிட்டு வந்தாள்.

"அதான் கட்டிப் போட்டாச்சுல்ல, இன்னும் எதுக்கு?"

"இது லஞ்சமில்ல தாயி. அது கூடப் பழகியாச்சு."

அம்மாவிடம் கடையில் போய்ச் சொன்னேன். வளையல் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"எடுத்துக்கிட்டாகம்மா. என் பேரு உள்ள போயிருச்சு."

"நெசமாவா? அந்த விதியா?"

"இல்ல. அது சரியில்லன்னு நானே எடுத்துட்டேன். இது வேற."

"வேற என்ன எழுதுன?"

"எழுதல. அங்கன வேணாததா ஒன்னு கெடந்துச்சு. அத அழிச்சேன்."

அம்மா பெட்டியைக் கீழே வைத்தார். "அழிச்சதுக்குமா பேரு போடுவாக?"

"போடுவாக."

அதற்குள் மாமா மார்க்கெட்டில் சொல்லியிருக்கிறார். எங்க மருமக ஒலகத்துல இருக்கிற கம்ப்யூட்டர்ல எல்லாம் அழிச்சுட்டா. ஒருவர் கடைக்கே வந்து, தன் கைப்பேசியில் பேத்தி போட்டோ இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துச் சொல்லும்படி பவ்யமாக நீட்டினார். இருந்தது. நிம்மதியாகப் போனார்.

அம்மா அவர் போகிறவரை காத்திருந்தார். சென்னையைப் பற்றித்தான் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"அங்கன அந்த மாதிரி வேணாதது இன்னும் கெடக்கா?"

"நெறையக் கெடக்கு."

"எம்புட்டு?"

"நான் ஆயுசுக்கும் அள்ளுனாலும் தீராது."

வளையல் பெட்டியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். மாடிப் பக்கம் ஒருமுறை தலையை ஆட்டினார்.

"அப்பறம் என்னத்துக்கு மெட்ராசுக்குப் போயி வாடகை குடுக்கணும்? அங்கன ஒக்காந்தே பெருக்கு."